விருப்ப ஒழுங்கை எழுதுமுன் வாடகையையும் கணக்குப் பாருங்கள்: மட்டக்களப்பு, அம்பாறை மாணவர்களுக்கு

உயர்தரப் பெறுபேறு வந்த வாரத்திலேயே வீட்டில் இரண்டு கேள்விகள் எழும். "கெம்பஸ் கிடைக்குமா?" என்பதைச் சத்தமாகக் கேட்பார்கள். "கிடைத்தால் செலவை எப்படிச் சமாளிப்பது?" என்பதை மெதுவாகக் கேட்பார்கள். முதற் கேள்விக்குப் பதில் வந்த பின்னர் இரண்டாவதைப் பார்க்கலாம் என்று பலர் தள்ளி வைக்கிறார்கள். அது சரியான வழியாக எனக்குப் படவில்லை. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் விண்ணப்பத்தில் எந்தப் படிப்பு, எந்தப் பல்கலைக்கழகம் என்று பிள்ளை வரிசையாக எழுதும் விருப்ப ஒழுங்குதான், நாலைந்து வருடம் எந்த ஊரில் வாடகை கட்டப் போகிறீர்கள் என்பதையும் சேர்த்துத் தீர்மானிக்கிறது.

முதலில் அடிப்படைத் தகுதி. ஒரே தடவையில் மூன்று பாடங்களிலும் குறைந்தது எஸ் (சாதாரண) சித்தி வேண்டும். பொதுச் சாதாரண பரீட்சையில் 30 புள்ளியாவது எடுத்திருக்க வேண்டும். இது விண்ணப்பிக்கும் தகுதி மட்டுமே. இடம் கிடைப்பது இஸட் புள்ளியைப் பொறுத்தது. ஒரு பாடத்தை எழுதிய எல்லோருடைய சராசரியிலிருந்து உங்கள் புள்ளி எவ்வளவு மேலே அல்லது கீழே நிற்கிறது என்பதை வைத்து அது கணிக்கப்படுகிறது. இதனால் கடினமான வினாத்தாள் வந்த பாடத்தையும் இலகுவான பாடத்தையும் ஒரே அளவுகோலில் பார்க்க முடிகிறது.

அடுத்தது மாவட்டக் கோட்டா. பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையில் நிரப்பப்படுகின்றன. 55 வீதம் மாவட்டங்களுக்கு அவற்றின் சனத்தொகைக்கு ஏற்பப் பகிரப்படுகிறது. மீதி 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாகக் கொடுக்கப்படுகிறது. அந்தப் பதினாறில் மட்டக்களப்பும் அம்பாறையும் உண்டு. ஆகவே நம் பிள்ளைகள் மூன்று வாசல்களில் நிற்கிறார்கள். எல்லாக் கற்கைநெறிக்கும் இந்தப் பங்கீடு கிடையாது. சிலவற்றுக்கு அகில இலங்கைத் திறமை மட்டுமே பார்க்கப்படும். எது எந்த வகை என்பது அந்தந்த ஆண்டின் அனுமதிக் கைநூலில் இருக்கிறது. கைநூல் தமிழிலும் வருகிறது.

இங்கேதான் எல்லைக் கிராமத்தவர்கள் தடுமாறுவார்கள். மாவட்டம் என்று ஆணைக்குழு பார்ப்பது வீட்டு விலாசத்தை அல்ல. பாடசாலை மூலம் தோற்றியவர் என்றால், பரீட்சைக்கு முந்திய மூன்று வருடங்களில் எந்த மாவட்டத்துப் பாடசாலையில் கூடுதல் காலம் படித்தார் என்பதே கணக்கு. பெரியகல்லாற்றில் வீடு, படித்தது கல்முனையில் என்றால் பிள்ளை அம்பாறை மாவட்டப் போட்டியில் இருக்கிறார். கல்முனையில் வீடு, படித்தது மட்டக்களப்பு நகரத்தில் என்றால் எதிர்ப்பக்கம். அப்பா வாக்காளர் இடாப்பில் எங்கே இருக்கிறார் என்பது இதை மாற்றாது. உயர்தரத்துக்கென்று கொழும்புப் பாடசாலைக்குப் பிள்ளையை அனுப்ப நினைக்கும் பெற்றோர் இதை முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அங்கே நல்ல ஆசிரியர் இருக்கலாம், ஆனால் மருத்துவம், பொறியியலுக்கு அந்த மாவட்டத்தின் வெட்டுப்புள்ளி, அதாவது கடைசியாக இடம் கிடைத்தவரின் இஸட் புள்ளி, பொதுவாக நம்முடையதைவிட உயரத்தில்தான் இருக்கும். தனிப்பட்ட பரீட்சார்த்திகளுக்கான விதி வேறு, கைநூலில் அந்தப் பந்தியைத் தேடிப் படியுங்கள்.

விருப்ப ஒழுங்கு எப்படி வேலை செய்கிறது

ஒவ்வொரு கற்கைநெறிக்கும் ஒரு குறியீடு உண்டு. மூன்று இலக்கம் கற்கைநெறியையும் அதன் பின் வரும் எழுத்து பல்கலைக்கழகத்தையும் குறிக்கும். ஒரே பட்டத்தை ஐந்து பல்கலைக்கழகங்கள் நடத்தினால் அதற்கு ஐந்து குறியீடுகள் இருக்கும். நீங்கள் எழுதிய பட்டியலை மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு போய், உங்கள் இஸட் புள்ளிக்குக் கிடைக்கக்கூடிய முதலாவது இடத்தில் நிறுத்துவார்கள். அவ்வளவுதான் விசயம்.

இதை வைத்து இரண்டு வீண் பயங்களைத் தள்ளிவிடலாம். எட்டாத ஒன்றை முதலாவதாக எழுதினால் இரண்டாவதும் கைநழுவும் என்று ரியூசன் வகுப்புகளில் ஒரு கதை உலாவுகிறது. அப்படி ஒன்றும் இல்லை. மேலே உள்ளது கிடைக்காவிட்டால், ஆறாவதாக எழுதியதற்கும் அதை முதலாவதாக எழுதிய வேறொருவருக்குச் சமமாகவே நீங்கள் போட்டியிடுகிறீர்கள். இடத்தைத் தீர்மானிப்பது புள்ளி. மற்றது, போன வருட வெட்டுப்புள்ளியைப் பார்த்துப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கும் பழக்கம். வெட்டுப்புள்ளி கூடிய பட்டமெல்லாம் உங்களுக்கு உகந்தது என்று யார் சொன்னது? உண்மையில் எதை விரும்புகிறீர்களோ அந்த வரிசையில் எழுதுங்கள்.

ஆபத்து இருப்பது பட்டியலின் அடிப்பகுதியில். "சும்மா கிடக்கட்டும்" என்று எழுதிய ஒன்று கிடைத்துவிட்டால் என்ன செய்வீர்கள்? பதிவு செய்துவிட்டு அடுத்த வருடம் மறுபடி போட்டியிடலாம் என்று நம்பி இருக்க வேண்டாம். பதிவு செய்தவர்களுக்கான கட்டுப்பாடுகளை வாசித்த பிறகே பதிவுக் கட்டணத்தைக் கட்டுங்கள். போக மனமில்லாத குறியீட்டை எழுதாமல் விடுவதில் ஒரு குற்றமும் இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. சங்கீதம், நடனம், நாடகம், கட்புலக்கலை போன்ற சில கற்கைநெறிகளுக்கு உளச்சார்புப் பரீட்சை அல்லது செயன்முறைப் பரீட்சை உண்டு. அதற்குப் பல்கலைக்கழகம் தனியாக விண்ணப்பம் கோரும். ஆணைக்குழுவின் விண்ணப்பத்தை மட்டும் அனுப்பிவிட்டு அதைத் தவறவிட்டால், குறியீடு எழுதியும் பயன் இல்லை.

கிட்டவா, தூரவா

நமது இரண்டு மாவட்டங்களுக்குள் இரண்டு அரச பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. கிழக்குப் பல்கலைக்கழகம் 1981 இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986 இல் பல்கலைக்கழகமானது. தலைமை வளாகம் வந்தாறுமூலையில். சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் கல்லடியில். மருத்துவம், தாதியியல் படிக்கும் சுகாதார பராமரிப்பு விஞ்ஞான பீடம் மட்டக்களப்பில். சித்த மருத்துவத்துக்குத் திருகோணமலை வளாகத்துக்குப் போக வேண்டும். தென்கிழக்குப் பல்கலைக்கழகம் 1995 இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1996 இல் பல்கலைக்கழகமானது. அது ஒலுவிலில். பொறியியல் பீடம் அங்கே உண்டு, கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இல்லை. பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில் என்பதையும் கவனியுங்கள். பெயரில் ஒரே பல்கலைக்கழகம் என்றாலும் அறை தேட வேண்டிய ஊர் வேறு.

செங்கலடி, ஏறாவூர்ப் பிள்ளைக்கு வந்தாறுமூலை கிடைத்தால் வீட்டிலிருந்தே போய் வரலாம். சாப்பாடும் படுக்கையும் வீட்டில், செலவு பஸ்ஸும் போட்டோகொப்பியும்தான். இ.போ.ச. பஸ்ஸில் மாணவர் சீசன் எடுத்தால் அதுவும் குறையும். பக்கத்தில் படிப்பதைச் சிலர் கௌரவக் குறைவாகப் பார்க்கிறார்கள், எனக்கு அது விளங்குவதே இல்லை. அதே பட்டத்துக்கு மொறட்டுவையோ பேராதனையோ கிடைக்கும் புள்ளி இருந்தால் போகத்தான் வேண்டும், அங்குள்ள ஆய்வுகூடமும் தொடர்புகளும் வேறு. ஆனால் பட்டம் ஒன்றுதான், தூரம் மட்டும்தான் வித்தியாசம் என்றால், அந்தத் தூரத்துக்கு மாதாமாதம் எவ்வளவு என்று காகிதத்தில் எழுதிப் பார்த்துவிட்டுக் குறியீட்டை அடுக்குங்கள்.

விடுதி அறைகள் எல்லோருக்கும் காணாது. பொதுவாக முதலாம் வருடத்தவர்களுக்கும் இறுதி வருடத்தவர்களுக்கும் முன்னுரிமை. வீட்டுத் தூரமும் குடும்ப வருமானமும் பார்க்கப்படும். விடுதிக் கட்டணம் வெளியறை வாடகையோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. ஆகவே தூரப் பல்கலைக்கழகம் கிடைத்தவருக்கு முதல் வருடம் ஓரளவு சமாளிக்கலாம், நடு வருடங்களில்தான் போடிங் (வெளியே வாடகை அறை) தேட வேண்டி வரும். பட்ஜெட் உடைவது அங்கே. பாதித் தூரத்துக்காரர் நிலைமை இன்னும் சங்கடம். பொத்துவிலிலிருந்து வந்தாறுமூலைக்குத் தினமும் போய் வர முடியாது. அப்படியிருந்தும் விடுதிப் பட்டியலில் யாழ்ப்பாணத்திலிருந்தோ மாத்தறையிலிருந்தோ வருபவருக்குப் பின்னால்தான் பெயர் வரக்கூடும்.

போடிங் பார்க்கும்போது வாடகையை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். எத்தனை மாத முற்பணம், கரண்ட் பில்லும் தண்ணீர்ப் பில்லும் உள்ளுக்கா வெளியேயா, ரைஸ் குக்கர் வைக்க விடுவார்களா, எத்தனை பேர் ஒரு அறையில், இரவு எத்தனை மணிக்குக் கேற் பூட்டுவார்கள். எல்லாவற்றையும்விட முக்கியமானது, லீவு மாதங்களுக்கும் முழு வாடகையா என்பது. நம் பல்கலைக்கழகங்களில் பணிப்பகிஷ்கரிப்பு, எதிர்பாராத மூடல் எல்லாம் புதிதல்ல. பிள்ளை வீட்டில் இருக்கும் மாதத்திலும் அறைக்குக் காசு போய்க்கொண்டிருக்கும். முற்பணம் கொடுத்தால் கையெழுத்தோடு துண்டு வாங்குங்கள். சமைக்க விடும் அறை கொஞ்சம் வாடகை கூடினாலும் பெரும்பாலும் இலாபம்தான், மூன்று நேரமும் பார்சல் எடுப்பவரின் கணக்கு வேறு மாதிரிப் போய்விடும்.

மகாபொலவும் பேர்சரியும்

அரச பல்கலைக்கழகத்தில் முதற்பட்டத்துக்குக் கல்விக் கட்டணம் இல்லை. வாழ்க்கைச் செலவுக்கு இரண்டு உதவிகள் உண்டு. ஒன்று 1981 இல் லலித் அத்துலத்முதலி தொடக்கிய மகாபொல புலமைப்பரிசில். மற்றது மகாபொல கிடைக்காதவர்களுக்கான பேர்சரி என்ற நிதியுதவி. இரண்டையும் ஒருவர் சேர்த்துப் பெற முடியாது. 2025 வரவுசெலவுத் திட்டத்தில் மகாபொல மாதம் 5,000 ரூபாயிலிருந்து 7,500 ரூபாயாகவும், பேர்சரி 4,000 ரூபாயிலிருந்து 6,500 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டன. நீங்கள் நுழையும் ஆண்டில் நடைமுறையில் உள்ள தொகையைப் பல்கலைக்கழக நலன்புரிப் பிரிவில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த 2025 தொகையையே உதாரணத்துக்கு எடுப்போம்: 7,500 என்றதும் பன்னிரண்டால் பெருக்கிவிடாதீர்கள். ஒரு கல்வியாண்டுக்குப் பத்துத் தவணை. 75,000 ரூபாயைப் பன்னிரண்டு மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 6,250, நாளுக்கு 200 ரூபாய் சொச்சம். ஒரு நேரப் பார்சல் சோற்றுக்கே அது காணாது. அது மட்டுமல்ல, முதல் தவணை பல்கலைக்கழகம் தொடங்கிய மாதமே வருவதில்லை. விண்ணப்பம், வருமானச் சரிபார்ப்பு, பட்டியல் என்று மாதங்கள் ஓடும். பிறகு நிலுவையோடு சேர்ந்து வரும், அந்த நாளில் புதுப் போன் வாங்கிவிடும் பிள்ளைகளும் உண்டு. ஆகவே முதல் அரையாண்டுச் செலவைப் புலமைப்பரிசிலை நம்பாமல் வீட்டில் திரட்டி வைக்க வேண்டும். வயற்காரக் குடும்பம் என்றால் பெரும்போக அறுவடைக் காசு கையில் இருக்கும்போதே அதற்கென்று ஒரு பகுதியை வங்கியில் போட்டு வைப்பது நல்லது. முற்பணம், மெத்தை, பாத்திரம், பயணம், லப்டொப் எல்லாம் ஒரே மாதத்தில் வந்து விழும்.

இரண்டு உதவிக்கும் குடும்ப வருமானம் பார்க்கப்படும். அதைக் கிராம உத்தியோகத்தர் (ஜீ.எஸ்.) உறுதிப்படுத்திப் பிரதேச செயலாளர் மேலொப்பமிட வேண்டும். கடற்றொழில், கூலி வேலை என்றால் சம்பளத் துண்டு இருக்காது, ஜீ.எஸ்.ஸிடம் உள்ளதை உள்ளபடி விளக்குங்கள். படித்துக்கொண்டிருக்கும் சகோதரர்களின் விபரத்தைக் கட்டாயம் போடுங்கள், பேர்சரித் தெரிவில் அது கணக்கில் எடுக்கப்படும். பாடசாலையில் படிக்கும் தங்கைக்கு அதிபரின் கடிதம், கெம்பஸில் இருக்கும் அண்ணனுக்குப் பதிவாளரின் கடிதம். கடைசி வாரத்தில் ஓடினால் அதிபர் இருக்க மாட்டார், ஜீ.எஸ். கூட்டத்துக்குப் போயிருப்பார்.

புள்ளி எட்டாதவர்களுக்குச் சுருக்கமாக. மட்டக்களப்பு, சம்மாந்துறை, அம்பாறை ஹாடி ஆகிய உயர் தொழில்நுட்ப நிறுவனங்களில் எச்.என்.டி. (உயர் தேசிய டிப்ளோமா) படிக்கலாம். முழுநேரக் கற்கைக்குக் கல்விக் கட்டணம் இல்லை, விண்ணப்பம் தனியாகக் கோரப்படும். திறந்த பல்கலைக்கழகத்துக்கு மட்டக்களப்பில் நிலையம் உண்டு. கட்டணம் கட்டியே படிக்க வேண்டும், ஆனால் வேலை செய்துகொண்டே படிக்க முடியும். அரச அங்கீகாரம் பெற்ற தனியார் நிறுவனங்களில் பட்டம் படிக்க 2017 முதல் வட்டியில்லா மாணவர் கடன் இருக்கிறது. வட்டியை அரசு கட்டும், கடனாக எடுத்த தொகையை நீங்கள் கட்ட வேண்டும். கையெழுத்துப் போடுமுன் அந்தக் குறிப்பிட்ட பட்டம் கடன் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். நிறுவனத்தின் விளம்பரத்தை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம்.