ஒலி இயக்கியின் பூட்டில் சிக்கும் செயலி

பாடல் ஒலித்துக்கொண்டிருக்கையில் கணினி உறைந்துவிடுகிறது. சுட்டி அசைவதில்லை, ஒலிபெருக்கி மட்டும் ஒரே துணுக்கைத் திரும்பத் திரும்ப ஒலிக்கிறது. லினக்ஸில் ஒலிச்சில்லை இயக்கும் நிரல்களான ஒலி இயக்கிகளை எழுதுவோருக்கு அந்த ஓசையே முதல் தடயம். நினைவகத்தில் வளையமாக ஒதுக்கப்பட்ட இடத்தை ஒலிச்சில்லு செயலியின் துணையின்றித் தானே படித்துக்கொள்ளும் என்பதால், சில்லு ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, அதில் புதிய ஒலியை நிரப்ப வேண்டிய செயலிதான் எங்கோ சிக்கிக்கொண்டது என்று பொருள்.

அந்த வளையம் சிறு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். நொடிக்கு 48,000 மாதிரிகள் (ஒலியலையின் அளவீடுகள்) என்ற வேகத்தில், 1,024 மாதிரிகள் கொண்ட ஒரு பகுதி ஏறத்தாழ 21 மில்லிநொடியில் தீர்ந்துவிடும். தீரும்போதெல்லாம் சில்லு ‘இன்டரப்ட்’ எனப்படும் குறுக்கீட்டை எழுப்ப, இயக்கியின் குறுக்கீட்டு நிரல் ‘பகுதி முடிந்தது’ என்று லினக்ஸின் ஒலி அமைப்பான அல்சா என்னும் மேலடுக்குக்கு அறிவிக்கும்.

பிழை ஒளிந்திருப்பது அந்த அறிவிப்பில்தான். பூட்டு என்பது ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே ஒன்றைத் தொடவிடும் ஏற்பாடு. சில்லின் பதிவகங்களை, அதாவது அதன் கட்டளைகளும் நிலையும் இருக்கும் சிற்றிடங்களை, காக்க இயக்கியிடம் ஒரு பூட்டும், ஒலியோட்டத்தைக் காக்க அல்சாவிடம் வேறொரு பூட்டும் உள்ளன. இரண்டும் சுழல்பூட்டுகள், குறுக்கீட்டு நிரலுக்குள் உறங்க வழியில்லாததால், காத்திருக்கும் செயலி பூட்டு திறந்ததா என்று பார்த்தபடியே சுழன்றுகொண்டிருக்கும். பயனர் ‘நிறுத்து’ பொத்தானை அழுத்துகிறார் என்று கொள்வோம். செயலியின் ஒரு கருவகம் (‘கோர்’) அல்சாவின் பூட்டை எடுத்துக்கொண்டு, சில்லை நிறுத்துவதற்காக இயக்கியின் பூட்டைக் கேட்கிறது. அதே கணத்தில் மற்றொரு கருவகத்தில் குறுக்கீடு வந்து, இயக்கியின் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டே ‘பகுதி முடிந்தது’ என்று அறிவிக்க முற்பட, அந்த அறிவிப்பு அல்சாவின் பூட்டைக் கேட்கிறது. ஒன்றிடம் இருப்பது மற்றதற்கு வேண்டும், இரண்டுமே விடப்போவதில்லை. ஒரே கருவகத்திலும் இது நேரும்: அறிவிப்பைப் பெற்ற அல்சா ‘இப்போது எந்த இடத்தில் ஓடுகிறது?’ என்று இயக்கியையே திருப்பிக் கேட்கும். பதில் சொல்லும் செயற்கூறு (நிரலின் ஒரு துண்டு) இயக்கியின் அதே பூட்டை நாடினால், கருவகம் தனக்காகத் தானே காத்துக்கிடக்கும்.

குறுக்கீடுகளை அடைத்துவிட்டுச் சுழலும் கருவகத்தைச் சாதாரண வழியில் எழுப்ப முடியாது. லினக்ஸின் மையக்கருவான கெர்னலின் கண்காணிப்பு நிரல், அடைக்கவே முடியாத தனிவகைக் குறுக்கீட்டின் வழியே, சுமார் 10 நொடி அசைவற்றிருக்கும் கருவகத்தைக் கண்டறிந்து, அது எந்தெந்தச் செயற்கூறுகளைக் கடந்து அங்கே வந்தது என்ற தடத்தைப் பதிவேட்டில் எழுதும்.

திருத்தம் இரண்டே வரி: அறிவிப்பதற்கு முன் இயக்கி தன் பூட்டை விடுவிக்க வேண்டும், அறிவித்தபின் மீண்டும் எடுக்க வேண்டும். வரிகளைவிட அவற்றுக்கு இடையிலுள்ள இடைவெளியே எனக்கு அதிகக் கவலை தருவது. அந்த நேரத்தில் வேறொரு கருவகம் ஓட்டத்தையே நிறுத்தியிருக்கக்கூடும். ஆகவே முன்பு படித்துவைத்த நிலைமதிப்புகளை நம்பாமல் மறுபடியும் படித்தே தீர வேண்டும்.

இத்தகைய பிழை எப்போதாவது ஒருமுறைதான் வெளிப்படும் என்பதால், உறைதலுக்காகக் காத்திருந்து சோதிப்பது வீண். இங்கோ மோல்னார் உருவாக்கி 2006-இல் கெர்னலில் சேர்ந்த லாக்டெப் என்னும் சோதனைக் கருவி, பூட்டுகள் எடுக்கப்படும் வரிசையைக் குறித்துவைத்துக்கொள்ளும். முரணான இரு வரிசைகள் வெவ்வேறு நேரங்களில் ஒவ்வொரு முறை நிகழ்ந்தாலே எச்சரித்துவிடும். அதை முடுக்கிவிட்டு, ஒரு பாடலைச் சில நொடி ஒலிக்கவிட்டு நிறுத்தினால், கணினி உறையாமலே பிழை பதிவேட்டில் வந்து நிற்கும்.