நாற்காலியிலிருந்து எழும்போது ஏன் தம் கட்டுகிறோம்?

புதுச்சேரி லாஸ்பேட்டையில் இருக்கிற என் பிசியோதெரபி கிளினிக்குக்கு முழங்கால் வலி, இடுப்பு வலி என்று யார் வந்தாலும் முதலில் ஒரு சின்ன வேலை கொடுப்பேன். கையை எங்கும் ஊன்றாமல் நாற்காலியிலிருந்து ஐந்து தடவை எழுந்து உட்கார வேண்டும், அவ்வளவுதான். நான் முழங்காலைப் பார்க்கிறேன் என்று அவர்கள் நினைத்துக்கொள்வார்கள். நான் முகத்தையும் பார்த்துக்கொண்டிருப்பேன். எழுகிற அந்த நொடியில் உதடு இறுகும், கன்னம் லேசாக உப்பும், கழுத்து நரம்பு புடைக்கும், முழுசாக நிமிர்ந்து நின்ற பிறகுதான் 'ஹப்பா' என்று காற்று வெளியே வரும். தம் கட்டியிருக்கிறார்கள். கேட்டால், "இல்லையே மேடம், நல்லாத்தானே மூச்சு விடுறேன்" என்பார்கள். பொய் சொல்வதில்லை, நிஜமாகவே அவர்களுக்குத் தெரியாது.

மூச்சுப் பயிற்சி என்றாலே இடது மூக்கு, வலது மூக்கு, இத்தனை எண்ணும்வரை இழு, இத்தனை எண்ணும்வரை நிறுத்து என்று போய்விடுகிறோம். யோகா வகுப்புகளுக்குப் புதுச்சேரியில் பஞ்சமே இல்லை, நானும் போயிருக்கிறேன், குறை சொல்ல வரவில்லை. ஆனால் காலை ஆறு மணிக்குப் பாயில் உட்கார்ந்து அழகாக மூச்சு விட்டுவிட்டு, எட்டு மணிக்கு 30 கிலோ கேஸ் சிலிண்டரைத் தம் கட்டித் தூக்கி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வருகிறவர்கள் இருக்கிறார்கள். பாயில் இருந்த கவனம் சமையலறை வரைக்கும் வரவில்லை.

தம் கட்டினால் உள்ளே என்ன நடக்கிறது? நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே குடை விரித்த மாதிரி உதரவிதானம் என்ற தசை இருக்கிறது. மூச்சை இழுக்கும்போது அது கீழே இறங்கும், அதனால் வயிறு முன்னால் வரும். தொண்டையை அடைத்துக்கொண்டு முக்கினால் நெஞ்சிலும் வயிற்றிலும் அழுத்தம் ஏறும், கூடவே ரத்த அழுத்தமும் ஏறும், இதயத்துக்குத் திரும்பி வரும் ரத்தம் குறையும். சிலருக்குக் கண்ணைக் கட்டிக்கொண்டு வருவது இதனால்தான். கனடாவில் ஆராய்ச்சியாளர்கள் உடற்கட்டு வீரர்கள் ஐந்து பேரின் ரத்தக்குழாயிலேயே கருவியைப் பொருத்தி, பெரிய எடையை இரண்டு காலாலும் தள்ள வைத்து அளந்து, 1985-இல் முடிவை வெளியிட்டார்கள். ரத்த அழுத்தம் சராசரியாக 320/250 வரை போயிருந்தது. தசை இறுகி ரத்தக்குழாயை நெரித்ததும் அதற்குக் காரணம், தம் கட்டியதும் காரணம். அவர்கள் பயில்வான்கள், சில நொடிகளில் பழைய நிலைக்கு வந்துவிடுவார்கள். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிற அறுபது வயதுக்காரர் மலச்சிக்கலோடு காலையில் உட்கார்ந்து முக்குவதை நினைத்தால்தான் எனக்குப் பயம்.

அதற்காகத் தம் கட்டுவதே பாவம் என்று சொல்லவில்லை. பளு தூக்குகிறவர்கள் முதுகெலும்புக்கு ஆதரவாக இருக்கட்டும் என்று வேண்டுமென்றேதான் மூச்சை நிறுத்துகிறார்கள், அது பழகிச் செய்கிற வித்தை. நாம் செருப்பு மாட்டக் குனியும்போதும் அதையே தெரியாமல் செய்கிறோம்.

இதை எனக்குச் சரியாகப் புரிய வைத்தவர் வம்பாகீரப்பாளையத்திலிருந்து இடுப்பு வலியோடு வந்த ஒரு மீனவர். நான் பாடம் எடுப்பது மாதிரி, "வலையை இழுக்கும்போது மூச்சை வெளியே விடணும் ஐயா" என்று சொல்ல, அவர் சிரித்துவிட்டார். "கரைவலை இழுக்கிறப்போ ஐலசான்னு கத்துவோம்ல மேடம், வாய் தெறந்து கத்துனா தம் எப்படிக் கட்ட முடியும்?" என்றார். அடடா என்று ஆகிவிட்டது எனக்கு. அந்தச் சத்தம் பத்துப் பேரின் இழுப்பை ஒன்றாகச் சேர்க்கத்தான் என்று அதுவரைக்கும் நினைத்திருந்தேன்! கத்துகிறவனின் மூச்சும் அதோடு சேர்ந்து வெளியே போகிறது. இன்னொன்றும் சொன்னார்: கவனம் வேறெங்கோ போனவன் ஒரு ஐலசாவை விட்டுவிடுவான், உடனே வலை கையில் வெட்டும்.

அன்றிலிருந்து என் கிளினிக்கில் எந்தப் பயிற்சியானாலும் வாய்விட்டு எண்ணச் சொல்கிறேன். மனசுக்குள் எண்ணினால் கணக்கில்லை, பக்கத்து அறைக்குக் கேட்க வேண்டும். பேசும்போது தம் கட்ட முடியாது, இது ஒன்று. அப்புறம், ஆறுக்கு அடுத்து எட்டு என்று சொன்னால் மனசு வீட்டுக்கோ பேங்குக்கோ போய்விட்டது என்று அவர்களுக்கே தெரிந்துவிடும். சிரித்துக்கொண்டே ஏழுக்குத் திரும்பி வருவார்கள்.

நடைப்பயிற்சிக்கும் இதேதான். கடற்கரைச் சாலையில் வண்டிகளை விடாத விடியற்காலையில் போய்ப் பாருங்கள், பாதிப் பேர் காதில் ஏதோ ஓடிக்கொண்டிருக்கும். கேளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. காந்தி சிலையிலிருந்து டூப்ளே சிலை வரைக்கும் மட்டும் அதைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு, ஒரு மூச்சு உள்ளே போவதற்குள் எத்தனை அடி, வெளியே வருவதற்குள் எத்தனை அடி என்று கவனியுங்கள். மூன்றோ நான்கோ, எதுவாகவும் இருக்கட்டும், மாற்றப் பார்க்க வேண்டாம். கூட வருகிறவரோடு பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் வேகம் சரி. பேசவே மூச்சு வாங்கினால் குறைத்துக்கொள்ளுங்கள், கத்திரி வெயில் நாட்களில் இந்த எல்லை சீக்கிரமே வந்துவிடும்.

அன்றாட வேலைகளில் நானே என்னைப் பிடித்த இடங்களைச் சொல்கிறேன். இந்திரா காந்தி சிலை சிக்னலில் சிவப்பு விளக்கின் நொடிகள் குறைவதைப் பார்க்கும்போது. வாட்ஸ்அப்பில் ஒருவர் டைப் செய்துகொண்டிருப்பது தெரியும்போது. ஊசியில் நூல் கோக்கும்போது. தோள் காதுவரை ஏறியிருக்கும், மூச்சு நின்றிருக்கும். கண்டுபிடித்ததும் ஒன்றும் பெரிதாகச் செய்வதில்லை, காற்றை மெதுவாக வெளியே விடுகிறேன், தோள் தானாக இறங்குகிறது. மூச்சு உள்ளே போகும்போது இதயத்துடிப்பு கொஞ்சம் வேகமாகும், வெளியே வரும்போது நிதானமாகும். மணிக்கட்டில் நாடி பிடித்துப் பார்த்தால் பலருக்கும் இது விரலிலேயே தெரியும். 'நல்லா இழுத்து விடு' என்று நம் வீடுகளில் சொல்வார்கள், பதற்றத்தில் இருக்கிறவர் அதைக் கேட்டு வேக வேகமாக இழுத்தால் கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறி விரல் மரத்து, தலை சுற்றும். முதலில் விடச் சொல்லுங்கள், இழுப்பதை உடம்பு பார்த்துக்கொள்ளும்.

மூச்சைக் கவனித்தாலே படபடப்பு கூடுகிறவர்களும் உண்டு. அவர்களை வற்புறுத்த மாட்டேன், உள்ளங்கால் தரையில் படுவதைக் கவனிக்கச் சொல்வேன், அதுவும் போதும். இன்னொன்று, படுத்தால் மூச்சு முட்டுவது, நெஞ்சு வலி, கால் வீக்கத்தோடு வரும் மூச்சிரைப்பு இதெல்லாம் மூச்சுப் பயிற்சிக்கான விஷயமே இல்லை, உடனே டாக்டரிடம் போங்கள்.

அந்த மீனவர் ஆறு வாரம் கழித்து, இடுப்பு தேறி, மனைவியோடு வந்தார். வீட்டில் 20 லிட்டர் தண்ணீர் கேனைத் தூக்கும்போது இப்போதெல்லாம் ஐலசா போடுகிறாராம். "தெருவே எட்டிப் பாக்குது மேடம், நீங்களாவது சொல்லுங்க" என்றார் அந்த அம்மா. சத்தத்தை மட்டும் குறைத்துக்கொள்ளச் சொன்னேன்.