மூன்று வெட்ஜ் எதற்கு, ஒன்று போதும்

கோல்ஃப் பழகத் தொடங்கிச் சில மாதங்களே ஆன பிள்ளைகளின் பையில் 60 டிகிரி லாப் வெட்ஜை, அதாவது பந்தைக் குறுந்தூரத்துக்கு உயரத் தூக்கி அடிக்கும் வெட்ஜ் வகைக் கிளப்களிலேயே (மட்டைகளிலேயே) முகம் மிக அதிகம் சாய்ந்ததை, பார்க்கும்போதெல்லாம் எனக்கு விற்றவர்மீதுதான் கோபம் வருகிறது. வாங்கியவர்மீது இல்லை. பந்து கிரீனில், அதாவது குழியைச் சுற்றியுள்ள ஒட்ட வெட்டிய புல்தரையில், விழுந்து பின்னோக்கி உருளுவதைத் தொலைக்காட்சியில் பார்த்த பிள்ளை அந்தக் கிளப்பைக் கேட்கத்தான் செய்யும். "52, 56, 60 மூன்றையும் சேர்த்து எடுத்தால் விலையைக் குறைத்துத் தருகிறேன்" என்பார் கடைக்காரர். பெரிய பிராண்டின் புது வெட்ஜ் ஒன்றே பத்தாயிரம் ரூபாயைத் தாண்டிவிடுவதால் பெற்றோருக்கு அந்தத் தள்ளுபடி லாபமாகத் தெரிகிறது. பயிற்சி கொடுப்பதும் கிளப் பொருத்துவதுமாக நாள் முழுவதும் இந்தப் பைகளைத் திறந்து பார்க்கிற எனக்கு அது வீண்செலவு.

வெட்ஜ் கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றைத்தான். செட்டோடு வந்து கையில் இருக்கும், சாய்வு குறைந்த பிட்ச்சிங் வெட்ஜின் லாஃப்ட், அதாவது முகத்தின் சாய்வு, எத்தனை டிகிரி? பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. கிளப்பில் எழுதியும் இருக்காது. ஆனால் புது வெட்ஜின் கணக்கு அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். சில பத்தாண்டுகளுக்கு முன் பிட்ச்சிங் வெட்ஜ் என்றால் 48 டிகிரி, அதற்கு மேலும்கூட இருந்தது. இன்று புதியவர்களுக்கென்று விற்கும் அயர்ன் (மெல்லிய உலோகத் தலை கொண்ட கிளப்) செட்டுகளில் அது 43, 44 வரை இறங்கிவிட்டது. பந்து தூரம் போனால் செட் விற்கும் என்பதால் நிறுவனங்கள் சாய்வைக் குறைத்துக்கொண்டே வந்தன. தலையின் எடையைக் கீழே இறக்கியதால் பந்தும் போதிய உயரம் எழும்புகிறது. 44 டிகிரி பிட்ச்சிங் வெட்ஜுக்கு அடுத்து, மணலிலிருந்து அடிக்கும் 56 டிகிரி சேண்ட் வெட்ஜ் என்றால் இடையே 12 டிகிரி பள்ளம் விழுகிறது. அதை நிரப்பவே கேப் வெட்ஜ் வந்தது.

நான்கு முதல் ஆறு டிகிரிக்கு ஒரு கிளப் என்பது நன்றாக ஆடுகிறவர்களின் கணக்கு. அந்த இடைவெளியில் பந்து போகும் தூரம் பத்து, பதினைந்து கெஜம் மாறும். புதிதாகப் பழகுகிற பிள்ளை ஒரே கிளப்பால் அடிக்கும் பத்துப் பந்துகளே அதைவிட அதிகமாகச் சிதறுகின்றன. அடிக்கும் தூரமே நிலைப்படாதவருக்கு இடைவெளியை நிரப்ப மூன்று கிளப் எதற்கு? பிட்ச்சிங் வெட்ஜ் 43 முதல் 46 வரை இருந்தால் ஒரு 54. அது 47, 48 என்றிருந்தால் ஒரு 56. முதல் ஓராண்டுக்கு இது போதும். பையில் 14 கிளப் இருக்கலாம் என்று விதி சொல்வது மேல்வரம்பு. பதினான்கையும் நிரப்பியே ஆக வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை.

லாஃப்டைப் பற்றிப் பேசுகிற கடைக்காரர்கள்கூடப் பௌன்ஸ் பற்றி வாய் திறப்பதில்லை. புதியவருக்கு அதுதான் முக்கியம். வெட்ஜைச் சமதரையில் வைத்துப் பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். அடிப்பாகத்தின் பின்விளிம்பு தரையைத் தொட்டிருக்க, முன்விளிம்பு சற்றே தூக்கி நிற்கும். அந்தச் சாய்வுதான் பௌன்ஸ். 4 முதல் 6 டிகிரி என்றால் குறைவு, 7 முதல் 10 நடுத்தரம், அதற்கு மேல் அதிகம். பெரும்பாலான வெட்ஜ்களில் 56.12 என்பதுபோல் இரண்டு எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். முதலாவது லாஃப்ட், இரண்டாவது பௌன்ஸ்.

இதன் அருமையை உலகுக்குக் காட்டியவர் அமெரிக்க கோல்ஃப் வீரர் ஜீன் சாரசன். அவர் காலத்தில் பங்கரிலிருந்து, அதாவது மணற்குழியிலிருந்து, அடிக்க நிப்லிக் என்ற மெல்லிய அடிப்பாகம் கொண்ட கிளப்தான் இருந்தது. மணலில் கத்தி இறங்குவதுபோல் அது இறங்கிவிடும். விமானியும் தொழிலதிபருமான ஹோவர்ட் ஹியூஸுடன் விமானத்தில் போனபோது வால்பகுதி கீழிறங்க விமானம் மேலெழுவதைக் கவனித்ததாகவும், அந்த யோசனையில் நிப்லிக்கின் அடிப்பாகத்தின் பின்பக்கத்தில் ஈயத்தைப் பற்றவைத்துக் கனமாக்கியதாகவும் அவரே பின்னாளில் சொன்னார். அந்தக் கிளப்புடன் 1932இல் இங்கிலாந்தின் பிரின்சஸ் மைதானத்தில் பிரிட்டிஷ் ஓபனையும், அதே ஆண்டு அமெரிக்க ஓபனையும் வென்றார். இன்றைய சேண்ட் வெட்ஜ்கள் எல்லாம் அந்த வழியில் வந்தவையே.

கல்லூரி முதலாண்டு மாணவன் ஒருவன் 60 டிகிரி லாஃப்டும் 4 டிகிரி பௌன்ஸும் கொண்ட வெட்ஜோடு பயிற்சிப் பங்கரில் இறங்கினான். முதல் அடியில் முன்விளிம்பு மணலுக்குள் புதைந்தது. பந்து ஓர் அடி நகர்ந்து நின்றது. அடுத்த முறை பயந்துபோய் பந்தின் நடுவிலேயே அடித்தான். அது கிரீனைத் தாண்டி மரத்தடிக்குப் போனது. "சார், என் ஸ்விங்கில்தானே தப்பு?" என்றான், கிளப்பை வீசும் விதத்தைச் சொல்லி. பயிற்சிக்கு வைத்திருக்கும், அடிப்பாகம் அகன்ற 56.14 வெட்ஜைக் கொடுத்தேன். "தம்பி, பந்தை மறந்துவிடு. அதற்குப் பின்னால் இரண்டு அங்குலம் தள்ளி மணலை அடி" என்றேன். அடித்தான். வெட்ஜ் புதையாமல் மணலை வழித்துக்கொண்டு போயிற்று, பந்து மணலோடு சேர்ந்து எழுந்து கிரீனின் ஓரத்தில் விழுந்தது. அதற்குப் பிறகு அடித்த எல்லாமே வெளியே வந்துவிடவில்லை. ஆனால் ஒன்றுகூடப் புதையவில்லை. அவன் ஸ்விங்கில் தப்பு இருந்தது உண்மைதான். அந்தத் தப்பை முதல் வெட்ஜ் இரட்டிப்பாக்கியது, இரண்டாவது பொறுத்துக்கொண்டது.

ஆகவே புதியவருக்கு 10 முதல் 14 டிகிரி பௌன்ஸும் அகன்ற அடிப்பாகமும் கொண்ட வெட்ஜையே சொல்வேன். இறுகிய தரையில் அதிகப் பௌன்ஸ் எகிறிவிடும் என்று சிலர் பயமுறுத்துவார்கள். அதில் உண்மை இருக்கிறது. சென்னைக் கோடையில் தண்ணீர் பாயாத ஓரங்களில் தரை கட்டாந்தரையாகிவிடும். அங்கே 10 டிகிரிக்குப் பக்கத்திலேயே நின்றுகொள்ளலாம், வெட்ஜின் முகத்தை விரித்து (வானத்தை நோக்கித் திருப்பி) வைக்காமல் அடிக்கலாம். அதைவிட எளிய வழி, பிட்ச்சிங் வெட்ஜால் பந்தைத் தாழ உருட்டி விடுவது. ஊட்டியில் மழைக்குப் பின் ஈரம் ஊறிய புல்லில் ஆடுகிறவர்கள் 12, 14 என்று தயங்காமல் போகலாம். கிரைண்ட் வகைகளை, அதாவது அடிப்பாகத்தின் குதியையும் ஓரங்களையும் செதுக்கியிருக்கும் விதங்களை, இப்போதைக்கு விட்டுவிடுங்கள். முகத்தை விரித்தும் மூடியும் ஆடத் தெரிந்தவருக்கே அவை பயன்படும்.

தொழில்முறை வீரர்கள் வைத்திருக்கும் மெல்லிய, முதுகு வழவழப்பான வெட்ஜைவிட முதுகில் குழிவு கொண்டவை புதியவருக்கு உகந்தவை. கிளீவ்லாண்டின் சிபிஎக்ஸ் வரிசை அந்த வகை. நடுவில் படாத அடியையும் அவை ஓரளவு காப்பாற்றும். உங்கள் அயர்ன் செட்டுக்கென்றே நிறுவனம் செய்த வெட்ஜ் தனியாகக் கிடைத்தால் அதையும் பாருங்கள். தனி வெட்ஜைவிடப் பெரும்பாலும் விலை குறைவு, கைக்கும் பழகியதாக இருக்கும்.

இனி ஸ்பின், அதாவது பந்தின் சுழற்சி. முகத்திலுள்ள பள்ளக்கோடுகள்தான் பந்தைச் சுழற்றுகின்றன என்று பலரும் நம்புகிறார்கள். புல்லையும் ஈரத்தையும் பந்துக்கும் முகத்துக்கும் இடையிலிருந்து வெளியேற்றுவதே அவற்றின் முதல் வேலை. பந்தின் மேலுறை அயோனோமர் என்ற கடினமான பிளாஸ்டிக்காக இருந்தால் எவ்வளவு விலை உயர்ந்த வெட்ஜாலும் கிரீனருகே அதை அதிகம் சுழற்ற முடியாது. யூரேதேன் என்ற மென்மையான உறை போட்ட பந்துகள் அங்கே நன்றாகச் சுழலும். ஆனால் தொடங்குகிறவர் பந்துகளைத் தொலைத்துக்கொண்டே இருப்பார். அதனால் அயோனோமர் உறை கொண்ட மலிவான இரண்டு அடுக்குப் பந்திலேயே பழகுங்கள். ஸ்பின்னுக்காக வெட்ஜில் கூடுதல் பணம் போடாதீர்கள். மீதமாகும் பணத்தில் பயிற்சி வகுப்புக்குப் போகலாம்.

பழைய வெட்ஜை வாங்குவதில் எந்தக் கௌரவக் குறைவும் இல்லை. என் மாணவர்களில் பாதிப் பேருக்கு நானே பார்த்து வாங்கிக் கொடுக்கிறேன். முகத்தின் நடுப்பகுதியில் நகத்தை வைத்துப் பள்ளக்கோடுகளின் குறுக்கே இழுத்துப் பாருங்கள். விளிம்பில் நகம் தட்ட வேண்டும். வழுக்கிக்கொண்டு போனால் விட்டுவிடுங்கள். தலையும் ஷாஃப்டும் (தண்டும்) சேரும் இடத்திலுள்ள கறுப்பு வளையம் இடைவெளியின்றி உட்கார்ந்திருக்க வேண்டும். எஃகு ஷாஃப்டில் துருக்குழியோ வளைவோ இருக்கக் கூடாது. கிரிப், அதாவது கைப்பிடி உறை, கெட்டியாகிப் போயிருந்தால் கவலை வேண்டாம், சில நூறு ரூபாய் முதல் மாற்றிவிடலாம். முலாம் பூசாத வெட்ஜ் கடற்காற்றில் சீக்கிரம் துருப்பிடிக்கும். துருப்பிடித்தால் ஸ்பின் கூடும் என்று சொல்லி விற்பவர்களை நம்பாதீர்கள். குரோம் பூசியதையே எடுங்கள். பள்ளக்கோடுகளுக்கான விதி 2010இல் கடுமையாக்கப்பட்டது. அதற்கு முன் செய்தவற்றைப் போட்டிகளில் அனுமதிக்காமலும் போகலாம். போட்டிக்குப் போகும் எண்ணமிருந்தால் இதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

போலிகளும் சந்தையில் உண்டு. பெயர் பெற்ற பிராண்டின் புத்தம்புது வெட்ஜ் பாதி விலைக்கு வந்தால் பையில் ஒரு சிறிய காந்தத்தைப் போட்டுக்கொண்டு போங்கள். மலிவான துத்தநாகக் கலவையில் வார்த்த தலைகளில் காந்தம் ஒட்டாது. ஒட்டினாலே அசல் என்று முடிவுகட்டிவிடவும் கூடாது. பொறித்த எழுத்துகளில் வண்ணம் வழிந்திருக்கிறதா, ஷாஃப்ட் ஸ்டிக்கர் கோணலாக இருக்கிறதா என்று நிறுவனத்தின் படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

வளரும் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒன்று. அப்பாவின் பழைய வெட்ஜை அறுத்துக் கொடுக்காதீர்கள். வெட்ஜின் தலை ஏறக்குறைய 300 கிராம், எஃகு ஷாஃப்ட் இன்னும் நூறு கிராமுக்கு மேல். அறுத்தால் நீளம்தான் குறையும். தலையின் எடை அப்படியே இருக்கும், ஷாஃப்ட் இன்னும் விறைப்பாகிவிடும். பத்து, பதினொரு வயதுப் பிள்ளை அதைத் தூக்கவே உடம்பை முறுக்கப் பழகிவிடும், பிறகு அந்தப் பழக்கத்தை மாற்றுவது பெரும்பாடு. சிறுவர் செட்டில் வரும் இலேசான கிராஃபைட் ஷாஃப்ட் வெட்ஜே அந்த வயதுக்குப் போதும். உயரம் நின்ற பிறகு வாங்கும் வெட்ஜைக் கடையின் பாய்மீது மட்டும் அடித்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். பாயில் எந்த அடிப்பாகமும் சறுக்கிக்கொண்டு நன்றாகத்தான் போகும். புல்லிலும் மணலிலும் சில பந்துகள் அடித்துப் பார்க்க விடுவாரா என்று விற்பவரிடம் கேளுங்கள். விடமாட்டேன் என்றால் அடுத்த கடைக்குப் போங்கள்.