சேர்மமா, சேர்மானமா?

கறிக்கோழித் தீவனத்தில் கலப்பதற்கென விற்கப்படும் தாவரப் பொடிகளுக்கும் சாறுகளுக்கும் எண்ணெய்களுக்கும் 'மூலிகைச் சேர்மம்' என்று யாரோ பெயர் சூட்டிவிட, ஓமலூர், ஆத்தூர் வட்டாரப் பண்ணைகளுக்கு வந்து சேரும் துண்டறிக்கைகளும் அதையே ஒப்பிக்கின்றன. அந்தப் பெயரின் இரண்டு பாதிகளும் பிழை.

இதன் ஆங்கில மூலச்சொல் 'ஃபைட்டோஜெனிக்'. கிரேக்க மொழியில் 'ஃபைட்டான்' என்றால் செடி. பின்பகுதி பிறப்பைக் குறிக்கும். செடியிலிருந்து வந்தது என்பதற்கு மேல் அதில் பொருள் இல்லை. வளர்ச்சிக்காக நுண்ணுயிர் எதிர்ப்பிகளைத் தீவனத்தில் கலப்பதற்கு ஐரோப்பிய ஒன்றியம் 2006 சனவரியில் முற்றுப்புள்ளி வைத்தபின், அவற்றுக்கு மாற்றாக இந்தத் தாவரப் பொருள்களுக்கு மவுசு கூடியது. இந்தியாவிலும் 2019இல் கொலிஸ்டின் என்ற எதிர்ப்பி கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் தடைசெய்யப்பட்டது.

இனிச் 'சேர்மம்'. தனிமம், சேர்மம், கலவை என்ற மூன்றையும் பள்ளிப் பிள்ளைகளே பிரித்தறிவார்கள். தனிமங்கள் குறித்த விகிதத்தில் வேதிமுறையில் கூடி உண்டாவதே சேர்மம். ஓமத்தின் தைமால், மஞ்சளின் குர்குமின், சேர்வராயன் மலைக் காப்பித் தோட்டங்களில் மரமேறிப் படரும் மிளகின் பைப்பரின் ஆகியவை சேர்மங்கள். ஆனால் அரைத்த ஓமம் சேர்மம் அன்று. பல சேர்மங்கள் அடங்கிய கலவை. இந்தச் சொல்லை ஏற்றுக்கொண்டால், 'இச்சேர்மத்தில் உள்ள சேர்மங்கள்' என்றுதான் எழுத வேண்டிவரும். 'சேர்க்கப்படுவது சேர்மம்' என்று வாதாடுவோர் உண்டு. பாடநூலில் வேரூன்றிய கலைச்சொல்லைப் பிடுங்கி வேறிடத்தில் நடுவதற்கு அந்த விளக்கம் போதாது. 'சேர்க்கை' எனலாமே என்றால், இன்று அச்சொல்லைக் கேட்டதும் கல்லூரி விண்ணப்பம்தான் நினைவுக்கு வருகிறது.

நாட்டு மருந்துக் கடையில் கேட்டால் சொல் கிடைக்கும்: சேர்மானம். இன்ன சூரணத்துக்கு இன்ன சேர்மானம் என்பது அங்கே அன்றாடப் பேச்சு. சேர்மானம் எல்லாக் கூறுகளையும் குறிக்காதா என்று கேட்கலாம். மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும் தீவன ஆலையில் 'மூலப்பொருள்' என வழங்குவதால், சிற்றளவில் சேர்வதற்கு இச்சொல்லை ஒதுக்கத் தடையில்லை. ஆகவே 'தாவரவழித் தீவனச் சேர்மானம்' என்பேன். நீளம்தான், ஆனால் பொய் சொல்லாத நீளம்.

'மூலிகை' என்ற பாதி செய்யும் கேடு இதைவிடப் பெரிது. மூலிகை என்றதும் மருந்து நினைவுக்கு வருவதால், "ஏனுங்க, கழிச்சல் கண்டா இதை எத்தனை வேளை குடுக்கோணும்?" என்று பண்ணையாளர் கேட்கிறார், பையைப் பிரிக்காமல் நோய்க்காகக் காத்திருக்கிறார். செரிமானச் சுரப்பைத் தூண்டுவதற்கும் குடலில் கிளாஸ்ட்ரிடியம் போன்ற கேடு செய்யும் நுண்ணுயிர்கள் பெருகாமல் காப்பதற்கும் இவற்றைத் தீவனத்தோடு தொடர்ந்து கொடுக்க வேண்டும். நோய் முற்றியபின் சிகிச்சைக்கு இவை ஈடாகா. மூலிகைதானே, கெடுதல் இல்லை என்று அளவைக் கூட்டுவோரும் உண்டு; காரமும் நெடியும் மிகுந்தால் கோழி தீவனத்தைக் குறைத்துக்கொள்ளும், எடையும் குறையும்.

மொழிபெயர்ப்பாளர்களைப் பற்றி இன்னொரு குறை. இந்தத் துண்டறிக்கைகளில் 'ஆரிகானோ' என்ற மேலைநாட்டு வாசனைச் செடி வரும் இடத்திலெல்லாம் சிலர் 'ஓமவல்லி' என்றும், வேறு சிலர் 'ஓமம்' என்றும் எழுதிவிடுகிறார்கள். கார்வக்ரால், தைமால் முதலிய வாசனைச் சேர்மங்கள் இவற்றில் காணப்படுவதால் வாசனை ஒத்திருக்கலாம். செடிகள் மூன்றும் வேறு வேறு. ஓமவல்லி நம் வீட்டுத் தொட்டியில் வளரும் கற்பூரவல்லி. வேற்றுச்சொல்லை விலக்குவதில் எனக்கும் பிடிவாதம் உண்டு. ஆயினும் ஒரு செடிக்கு இன்னொரு செடியின் பெயரை வைப்பதைவிட ஆரிகானோ என்றே எழுதிவிடலாம். செடி எது, அதன் இலையா விதையா, பொடியா எண்ணெயா என்பவற்றைப் பொறுத்து வீரியம் மாறுவதால், பையின்மேல் இவை மூன்றும் தமிழில் தெளிவாக இருக்க வேண்டும்.