துவக்குக் குழலை அடித்தவர் யார்?

இலங்கை மலையகத்தில் ஒரு பழைய துவக்கு (துப்பாக்கி) பரணிலிருந்து இறங்கினால் எல்லோரும் முதலில் தேடுவது பெயரைத்தான். குழலின் முதுகிலோ குதிரைக்கு (விசை இழுத்ததும் அடித்துத் தீமூட்டும் சுத்தியல்) பக்கத்துத் தகட்டிலோ அழகான எழுத்தில் லண்டன் என்றோ, பேர்போன லண்டன் துவக்குக் கடையான மேன்டன் என்றோ வெட்டியிருக்கும். உடனே "துரைமார் காலத்துச் சாமான், அசல் லண்டன்" என்று முடிவாகிவிடும். அப்புறம் பேச்சு விலைக்குப் போய்விடும்.

அந்தப் பெயர் பெரும்பாலும் துவக்கை விற்றவருடையது. இரும்பை அடித்துக் குழலாக்கியவர் வேறு ஆள். 19ஆம் நூற்றாண்டு பர்மிங்ஹாமில் குழல் அடிப்பவர், விசை (மருந்தைப் பற்றவைக்கும் பொறி) செய்பவர், கட்டை செதுக்குபவர், பூவேலை வெட்டுபவர், எல்லாவற்றையும் பொருத்துபவர் என்று ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பட்டறை இருந்தது. கடைசியில் கடைக்காரர் தன் பெயரை மேலே வெட்டிக்கொள்வார். பிரிட்டிஷ் இராணுவத்துக்கும் இதே கதைதான்: குழல்களையும் விசைகளையும் தனித்தனி ஒப்பந்தக்காரர்களிடம் வாங்கிப் பொருத்தினார்கள். குழல் அடித்தவரின் அடையாளம் இருந்தால், அது மரக்கட்டைக்குள் மறையும் அடிப்பக்கத்தில், கடுகளவு எழுத்தில்தான் இருக்கும்.

இந்தத் துவக்குகள் மலைக்கு ஏறிய காரணம் தெரிந்ததுதான். 1815இல் கண்டி வீழ்ந்தது, கோப்பி வந்தது, காடு அழிந்தது, கூடவே வேட்டைக்காரத் துரைமார் வந்தார்கள். 1845இல் ஹப்புத்தளையில் இடி விழுந்து செத்த மேஜர் ரோஜர்ஸ் 1,400 யானைக்கு மேல் சுட்டவர் என்பார்கள். 1840களின் கடைசியில் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கரும் அதே ரகம். காட்டுப்பன்றிக்கு வைத்திருந்த சாதாரண இடியன் துவக்குகளோ (வாய் வழியாக மருந்தை இடித்துத் திணிப்பவை) இவர்களுக்குப் பிறகும் கைமாறிக்கொண்டே இருந்தன.

குழலைக் கையில் எடுத்தால் முத்திரையைத் தேடுவதற்கு முன்னால் செய்யவேண்டிய காரியம் ஒன்று உண்டு. வாய் வழியாக மருந்து திணிக்கும் துவக்கு என்றால் உள்ளே மருந்து இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். நூறு வருடம் கடந்த கரிமருந்துகூட ஈரம் படாமல் இருந்தால் தீப்பிடிக்கும். துவக்கின் வாய்க்கு நேரே முகத்தைக் கொண்டுபோகாமல், ஒரு மரக்குச்சியை அடிவரை மெதுவாக விட்டு, வாய் விளிம்பில் குச்சியில் ஒரு கோடு போடுங்கள். குச்சியை வெளியே எடுத்து, கோடு வாய் விளிம்பில் இருக்குமாறு குழலுக்கு வெளியே ஒட்டி வையுங்கள். குச்சியின் நுனி தீத்துளை (மருந்துக்குத் தீ போகும் சிறு ஓட்டை) இருக்கும் இடம் வரை போகாமல் இரண்டு மூன்று விரற்கடை முன்னாலேயே நின்றால், உள்ளே ஏதோ இருக்கிறது. அதற்குமேல் நீங்கள் தொடவேண்டாம், தெரிந்தவர் பார்க்கட்டும்.

காலியான குழல் என்றால் கட்டையிலிருந்து பிரிக்கலாம். பெரும்பாலும் குறுக்கே செருகிய ஒன்றிரண்டு ஆப்புகளோ ஊசிகளோதான் குழலைப் பிடித்திருக்கும். அடிப்பக்கத்தில் உப்புத்தாள் போடவே கூடாது. நம் மலை ஈரத்தில் பிடித்த துருவைப் பார்த்ததும் பளபளவென்று தேய்த்துவிடுகிறார்கள், அதோடு பாதி வரலாறு போய்விடுகிறது. மண்ணெண்ணெயில் நனைத்த துணி போதும். பிறகு செல்போன் டார்ச்சைக் குழலோடு ஒட்டினாற்போல் கிடையாகப் பிடித்தால் பள்ளங்களில் நிழல் விழுந்து எழுத்து எழும்பி நிற்கும். கொஞ்சம் முகப்பவுடரைத் தடவி வழித்தால் இன்னும் தெளிவு.

அங்கே முதலில் கண்ணில் படுவது சோதனை முத்திரை. சோதனை என்றால், வழக்கத்தைவிட மிக அதிகமாக மருந்தைத் திணித்து, குழலைக் கட்டிவைத்து, ஆள் தள்ளி நின்று வெடிக்கவிடுவது. பலவீனமான குழல் பிளக்கும் அல்லது வீங்கும். தாக்குப்பிடித்தால் முத்திரை விழும். லண்டன் துவக்குக் கம்மியர் சங்கம் 1637இல் அரச பட்டயம் பெற்றது. அதன் முத்திரைகள் கிரீடத்தின் கீழ் பின்னிக்கிடக்கும் ஜி, பி எழுத்துகளும் கிரீடத்தின் கீழ் வி எழுத்தும். பர்மிங்ஹாம் சோதனைச் சாலை 1813இல் நாடாளுமன்றச் சட்டத்தால் வந்தது. குறுக்காக வைத்த இரண்டு செங்கோல், மேலே கிரீடம், இடைவெளிகளில் பி, பி, சி எழுத்துகள்: இதுதான் 1904 வரை அதன் அடையாளம். அதன் பிறகு கிரீடத்தின் கீழ் எழுத்துகள் மட்டும். இராணுவச் சோதனையிலும் செங்கோல்கள் வரும், அதனால் சுற்றியுள்ள எழுத்தையும் பார்த்துத்தான் முடிவுக்கு வரவேண்டும்.

லண்டன் முத்திரை இருந்தால் குழல் லண்டனில் பிறந்தது என்றும் சொல்லிவிட முடியாது. லண்டன் முத்திரைக்கு மதிப்பு அதிகம் என்பதால் பர்மிங்ஹாம்காரர்களும் தங்கள் குழல்களை அங்கே அனுப்பிச் சோதித்தார்கள். எங்கே, ஏறக்குறைய எப்போது சோதித்தார்கள் என்பதைத்தான் முத்திரை காட்டும். காலத்தை மட்டும் சில முத்திரைகள் நன்றாக நெருக்கிப் பிடித்துவிடும். வாய்ப்பக்கம் ஒடுக்கிய குழல்களில் 'நாட் ஃபார் பால்', அதாவது ஒற்றை உருண்டை போட்டுச் சுடாதே, என்று ஆங்கிலத்தில் அடித்தது 1875க்கும் 1887க்கும் இடையில்தான். கடைப்பெயருடன் விலாசம் இருந்தாலும் உதவும். பர்டி என்ற லண்டன் துவக்குக் கடையின் பெயரோடு 314½, ஆக்ஸ்ஃபர்ட் ஸ்ட்ரீட் என்று இருந்தால், அந்தக் கடை அங்கே இருந்தது 1826 முதல் 1880களின் தொடக்கம் வரை.

முத்திரைக்குப் பக்கத்தில் 12, 16, 24 என்று தனியாக ஓர் எண் நிற்கும். இதை வருடம் என்றோ வரிசை எண் என்றோ எடுத்துக்கொள்பவர்கள் ஏராளம். அது குழலின் உள்விட்டம். ஒரு இறாத்தல் ஈயத்தை எத்தனை சம உருண்டைகளாக வார்த்தால் ஓர் உருண்டை குழலுக்குள் கச்சிதமாகப் போகுமோ, அத்தனை. ஒரு இறாத்தல் 453.6 கிராம், பன்னிரண்டில் ஒரு பங்கு 37.8 கிராம், அந்த எடையுள்ள ஈய உருண்டையின் விட்டம் 18.5 மில்லிமீட்டர். 16 என்றால் 16.8 மில்லிமீட்டர். 24 என்றால் 14.7, கிட்டத்தட்ட இராணுவ என்ஃபீல்டு துவக்கின் அளவு. எண் பெரிதானால் துளை சிறிது.

ஹப்புத்தளைப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில் நண்பர் வீட்டு அடுப்படியில் இப்படி ஒரு குழல் ஊதுகுழலாக இருந்தது. அடிமூடி எப்போதோ கழன்றுபோய் இரண்டு பக்கமும் திறந்திருந்ததால் ஊதுவதற்கு வாகாக இருந்தது. "இது பெரிய தொரை பங்களாவுல இருந்தது தம்பி, லண்டன்ல செஞ்சது" என்றார் நண்பரின் அப்பாயி. கரியைத் துடைத்ததும் ஒரு முட்டை வடிவ வளையம், அதற்குள் இ, எல், ஜி எழுத்துகள், கீழே ஒரு நட்சத்திரம். அது பெல்ஜியத்தின் லியேஜ் நகரச் சோதனை முத்திரை. 1893 முதல் அந்த வளையத்தின் மேல் கிரீடம் ஏறியது. இதில் கிரீடம் இல்லை, எனவே அதற்கு முந்தியது. லண்டன் கதை போனதில் அப்பாயிக்கு ஒரு வருத்தமும் இல்லை. "எங்க செஞ்சா என்ன, தீ பத்துதுல்ல" என்று வாங்கிக்கொண்டார்.

பெல்ஜியக் குழல் இங்கே கிடைப்பதில் ஆச்சரியம் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் லியேஜ் உலகத்துக்கே மலிவுத் துவக்கு செய்து அனுப்பியது. மேன்டன், ரிச்சர்ட்ஸ் போன்ற பெயர்போன ஆங்கிலப் பெயர்களைக் கொஞ்சம் மாற்றியும் மாற்றாமலும் மேலே வெட்டி அனுப்பிய சரக்கும் அதில் உண்டு. முதுகில் மேன்டன், அடியில் லியேஜ் வளையம் என்றால் விஷயம் முடிந்தது. அதற்காக லியேஜ் குழல் என்றாலே மட்டம் என்று நினைக்கவும் கூடாது. நகரத்துக்குக் கிழக்கே வெஸ்டர் ஆற்றுப் பள்ளத்தாக்கில் நெசோன்வோ போன்ற ஊர்களில் குழல் அடித்த கம்மியர்களிடம் இங்கிலாந்து, அமெரிக்கக் கம்பெனிகளே குழல் வாங்கின. அவர்களில் பலர் பெயரின் முதலெழுத்துகளைக் குழலின் அடியில் அடித்தார்கள். ஹூஸ்-லெமுவான் போன்ற பெரிய பட்டறை முழுப்பெயரையே அடித்தது.

அவர்களுக்குப் பேர் வாங்கித் தந்தது டமாஸ்கஸ் குழல். இரும்பையும் எஃகையும் மெல்லிய பட்டைகளாக அடுக்கிக் காய்ச்சி ஒட்டி, கம்பியாக நீட்டி, அந்தக் கம்பியைக் கயிறு திரிப்பதுபோல் முறுக்குவார்கள். இரண்டு மூன்று முறுக்குக் கம்பிகளைப் பக்கம் பக்கமாக வைத்து ஒரே நாடாவாக அடித்து, அந்த நாடாவை ஓர் உருளையின்மேல் சுருளாகச் சுற்றி, விளிம்போடு விளிம்பு ஒட்டும்வரை சம்மட்டியடி. பிறகு வேண்டுமென்றே லேசாகத் துருவேற்றினால் இரும்பு ஒரு நிறமும் எஃகு வேறு நிறமும் பிடித்து, மேற்பரப்பில் சுழிச்சுழியாகக் கோலம் எழும். எத்தனை கம்பி, எந்தப் பக்கம் முறுக்கு, எவ்வளவு நெருக்கம் என்பதையெல்லாம் அந்தக் கோலத்தில் படிக்கலாம். அதை வைத்துப் பட்டறையையே சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. நல்ல கோலத்தைப் பல பட்டறைகள் பார்த்துச் செய்தன. சாதாரணக் குழலின்மேல் கோலத்தை அமிலத்தால் வரைந்து ஏமாற்றியதும் நடந்தது. கட்டை மறைக்கும் அடிப்பக்கத்திலும் அதே கோலம் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நம்பவேண்டும்.

யாரோ அரத்தால் ராவி முத்திரையையோ எண்களையோ அழித்திருந்தால்? அப்போதும் வழி இருக்கிறது. எழுத்தச்சைச் சம்மட்டியால் அடிக்கும்போது பள்ளம் விழுவதோடு, பள்ளத்துக்கு அடியில் உள்ள உலோகப் படிகங்களும் நசுங்கித் திரிகின்றன. மேற்பரப்பை ராவினாலும் அந்த நசுங்கல் உள்ளே இருக்கும். அந்த இடத்தை வழவழப்பாக்கி, செப்புக் குளோரைட்டும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்த கரைசலைத் தொட்டுத் தொட்டு ஒற்றினால் நசுங்கிய பகுதி மற்றதைவிட வேறு வேகத்தில் கரையும். எழுத்து கொஞ்ச நேரம் எழும்பி மறையும், அதற்குள் படம் எடுத்துவிடவேண்டும். தடயவியல் ஆய்வுகூடங்களில் இது வழக்கமான வேலை. ஆனால் நசுங்கலையும் தாண்டி ராவிவிட்டால் ஒன்றும் வராது. பழைய தேனிரும்பில் இழையிழையாகக் கசடு ஓடுவதால் அமிலம் அந்த இழைகளையும் எழுப்பிக் குழப்பும். வீட்டில் முயலவேண்டாம்.

முத்திரையே இல்லாத குழல்கள் தனி வகை. கண்டி இராச்சியத்துக் கம்மியர் செய்த துவக்குகளில் சோதனை முத்திரை எங்கே இருக்கும்? அங்கே வேலையின் பாணிதான் அடையாளம்: விசை இடப்பக்கம் இருக்கும், அடிக்கட்டை இரட்டைச் சுருளாகப் பிரியும், உடம்பெல்லாம் கொடிவேலை. சில சமயம் எழுத்தே கிடைத்துவிடும். 1765இல் டச்சுக்காரர் கண்டியிலிருந்து அள்ளிப்போய், ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் இருந்து, 2023இல் இலங்கைக்குத் திரும்பி வந்த சிறு பீரங்கி அப்படிப்பட்டது. அதிலுள்ள சூரியன், பிறை, சிங்கம் மூன்றும் கண்டி அரசனின் சின்னங்கள். சிங்களப் பொறிப்பு லெவ்கே திசாவையின் (திசாவை என்றால் மாகாண ஆளுநர்) பெயரைச் சொல்கிறது. ஆனால் அந்தப் பெயரும் பீரங்கியை வார்த்த கம்மியருடையது அல்ல, கொடுத்த பிரபுவுடையது.

உங்கள் கையில் இருப்பது இந்த வகை என்று தோன்றினால் சட்டத்தையும் நினைவில் வையுங்கள். 1815 மார்ச் 2க்கு முந்திய பொருள் இலங்கைத் தொல்பொருள் சட்டத்தின்படி தொல்பொருள். பிந்தியது என்றாலும் அனுமதிப்பத்திரம் இல்லாமல் துவக்கு வைத்திருக்க முடியாது. தொல்பொருள் திணைக்களத்திடமோ பொலிஸிடமோ காட்டப்போகும்போது குழலை மட்டும் தனியே கொண்டுபோகாதீர்கள். உளுத்த கட்டை, உடைந்த குதிரை, பிடுங்கிய ஆப்பு எல்லாவற்றையும் ஒரே சாக்கில் போட்டுக்கொண்டு போங்கள்.