கன்றுக்குப் பின் பெயர் பெற்ற தாய்

ஸ்டாக்ஹோம் அரச ஆயுதக் காட்சியகத்தில் பூண் கட்டிய ஊதுகொம்பு ஒன்று இருக்கிறது. போலந்துக் காட்டில் 1620-இல் செத்த கடைசி ஆரோக்ஸ் காளையின் கொம்பு அது. தோள்வரைக்கே ஆறடி உயரம் நின்ற காட்டு மாடு அது. காளை போன பிறகு யாக்தோரூவ் காட்டில் ஒற்றைப் பசு மட்டும் ஏழு ஆண்டுகள் உயிரோடிருந்தது. 1627-இல் அதுவும் போனது.

கவனிப்பாரில்லாமல் அழியவில்லை. வேட்டையாடும் உரிமை அரசருக்கு மட்டுமே. காவல் காத்த கிராமத்தாருக்கு வரிவிலக்கு உண்டு. ஆனாலும் மேய்ச்சல் நிலத்தை வீட்டு மாடுகள் பிடித்துக்கொண்டன. அதன் சொந்த வம்சம்தான் அவை!

ஜெர்மானியர் ஆரோக்ஸை 'ஊர்' என்றார்கள்; ஜூலியஸ் சீசர் அதை 'ஊருஸ்' என்று எழுதினார். போலந்துக்காரர்களுக்கு அது 'தூர்'. பக்கத்திலேயே ஐரோப்பியக் காட்டெருமையான பைசனும் திரிந்ததால் குழப்பம் அப்போதே இருந்தது. 16-ஆம் நூற்றாண்டில் ஹெர்பர்ஸ்டைன் என்ற தூதர் தன் நூலில் ஆரோக்ஸ் படத்தை வரையவைத்து, "நான் ஊருஸ், அறியாதவர்கள் எனக்குப் பைசன் என்று பெயர் வைத்தார்கள்" என்று அதன் வாயாலேயே சொல்லவைத்தார். மாடு அழிந்ததும் ஆரோக்ஸ் என்ற பெயரைப் பைசனுக்கே சூட்டிவிட்டார்கள். எனக்கு இது இரண்டாவது சாவாகவே படுகிறது.

அறிவியல் பெயரிலும் சிக்கல். உயிரினங்களுக்கு அறிவியல் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸ் 1758-இல் வீட்டு மாட்டுக்கு 'போஸ் டாரஸ்' என்று பெயரிட்டார். காட்டு மூதாதைக்கு 'போஸ் பிரைமிஜீனியஸ்' என்ற பெயர் 1827-இல்தான் வந்தது. ஓர் இனத்துக்கு இரண்டு பெயர் இருந்தால் முந்தையதே செல்லும் என்பது விலங்கியல் விதி. அப்படிப் பார்த்தால், இரண்டையும் ஒரே இனமாகக் கொள்ளும்போது கன்றின் பெயரைத்தான் தாய்க்கும் வைக்க வேண்டும். 2003-இல் சர்வதேச விலங்கியல் பெயரிடல் ஆணையம் இதற்கு விலக்குக் கொடுத்தது. ஆரோக்ஸ் உட்பட 17 காட்டினங்களின் பெயர்கள், வீட்டு வகையின் பெயருக்குப் பிந்தியவை என்பதற்காகச் செல்லாமல் போகாது என்று தீர்ப்பளித்தது. நியாயமான தீர்ப்பு.

ஆரோக்ஸின் இந்தியக் கிளைக்கு நர்மதையின் பெயரால் 'நமாடிகஸ்' என்று பெயர். பலுசிஸ்தானின் மெஹர்கர் பக்கம் ஏறத்தாழ 8,000 ஆண்டுகளுக்கு முன் அதைப் பழக்கித்தான் நம் திமில் மாடுகள் உருவாயின. ஐரோப்பிய ஆரோக்ஸ் கன்று செம்பழுப்பாகப் பிறந்து, காளைக் கன்றானால் சில மாதங்களில் கறுத்துவிடுமாம். காங்கேயத்தில் மயிலைப் பசு ஈன்ற கன்றைப் பாருங்கள்: பிறக்கும்போது செவலை, சில மாதங்களில்தான் மயிலை.