குடி நின்றபிறகு வருகிற கோபம்

கணவர் குடித்த காலமெல்லாம் வாய் திறக்காமல் சமாளித்த மனைவி, அவர் குடியை விட்டு நாலைந்து மாதம் ஆனதும் எரிந்து விழ ஆரம்பிப்பதைப் போதை மீட்பு ஆலோசனையில் அடிக்கடி பார்க்கிறேன். "அவன்தான் திருந்திட்டானே, இன்னும் என்னம்மா உனக்கு?" என்பார் மாமியார்.

குடி இருந்தவரை கோபப்பட அவருக்கு ஏது இடம்? ஒரு வார்த்தை கேட்டால் தெருவே கூடும். பிள்ளையைத் தூங்கவைக்கவும் ஃபீஸ் பணத்தை ஒளித்துவைக்கவுமே நேரம் சரியாக இருந்தது. வீடு அமைதியான பிறகுதான், இனிக் கேட்கலாம் என்ற தைரியம் வருகிறது. அதுவும் நல்ல நாளாகப் பார்த்து வரும். ஒரு வீட்டில், கணவர் முழுச் சம்பளத்தையும் கையில் கொடுத்த அன்றுதான் பெரிய சண்டை. அடகில் மூழ்கிப்போன கம்மல் அந்தப் பணத்தைப் பார்த்ததும் ஞாபகம் வந்துவிட்டது. (அடையாளம் தெரியாதபடி மாற்றிச் சொல்கிறேன்.)

இதில் பலருக்குத் தெரியாத ஒரு சிக்கல் உண்டு. மிதமிஞ்சிக் குடிக்கும்போது, நடமாடிப் பேசிக்கொண்டிருந்தாலும் மூளை நடப்பதைப் பதிவு செய்யாமல் போகலாம். "பிள்ளை முன்னாடி என்னைத் தள்ளிவிட்டீங்களே" என்று மனைவி கேட்க, "நான் அப்படிச் செய்யவே இல்லை" என்கிறார் கணவர். அவருக்கு உண்மையிலேயே நினைவில்லை. மனைவிக்கோ அது இன்னொரு பொய். "எனக்கு ஞாபகம் இல்லை, ஆனா நீ சொல்றதை நம்புறேன்" என்று சொல்லப் பழகுங்கள் என்பேன். "அதான் விட்டுட்டேனே" என்ற பதிலை மட்டும் விட்டுவிடுங்கள். குடியிலிருந்து மீள்பவர்கள் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) அமைப்பு சொல்லும் பன்னிரண்டு படிகளில் ஒன்பதாவதே பாதிக்கப்பட்டவர்களுக்கு ஈடுசெய்வதுதான். 'சாரி'யோடு அது முடிந்துவிடாது.

குடியை நிறுத்திய முதல் சில மாதங்களில் தூக்கம் சரியாக வராது, எரிச்சலும் இருக்கும். அதனால் வழக்கமாகக் குடிக்கப் போகிற சாயங்கால நேரத்தில், பசியோடு இருக்கும்போது, பழசை எடுக்க வேண்டாம். ஞாயிறு காலை அரை மணி நேரம், ஒரே ஒரு சம்பவம், அவ்வளவுதான். மிச்சத்தை நோட்டில் எழுதிவைக்கலாம். கைமீறினால் ஆலோசகர் முன்னால் பேசலாம்.

"நீ திட்டினா மறுபடி குடிச்சிடுவேன்" என்பது மிரட்டல். அவர் மறுபடி குடித்தால் அந்தப் பொறுப்பு மனைவியுடையது அல்ல. அவர் குடிக்காமல் இருக்க இவர் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. குடிக்காமலே கை நீட்டுகிறார் என்றால் அது வேறு விஷயம். பேசித் தீர்ப்போம் என்று காத்திருக்காமல் பெண்களுக்கான உதவி எண் 181-ஐ அழையுங்கள்.

குடிப்பவர்களின் குடும்பத்தினருக்காகவே அல்-அனான் கூட்டங்கள் இருக்கின்றன. 1951-இல் அமெரிக்காவில் தொடங்கியது, தமிழ்நாட்டிலும் நடக்கிறது. கணவர் இன்னும் குடித்தாலும் விட்டிருந்தாலும் போகலாம். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸின் எண் 14416, கட்டணம் இல்லை. அங்கே கணவரைப் பற்றித்தான் பேச வேண்டும் என்றில்லை. உங்கள் தூக்கத்தைப் பற்றி, உங்கள் கோபத்தைப் பற்றிப் பேசவும் அழைக்கலாம்.